ஸ்பில்வே ஓரத்தில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது: வெள்ளத் தடுப்பு அணை ஒன்றுக்குக் கீழே குடியிருக்கிறீர்கள். அணை நிரம்பும்போது மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் ஸ்பில்வே வழியாகத் தண்ணீர் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் அதன் பக்கச் சுவரில் உள்ள குழாய்களிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டுகிறது. இது ஆபத்தா? இதையெல்லாம் யாராவது கவனிக்கிறார்களா?

சொட்டுவதற்காகப் பயப்படாதீர்கள். அந்தக் குழாய்களை வைத்ததே சொட்டுவதற்குத்தான். நேற்று வரை சொட்டியது இன்று நின்றுபோனால்தான் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

ஓர் அணையின் அளவீட்டுப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஸ்பில்வேயின் சரிவுத் தளத்துக்கு அடியில் வடிகுழாய்கள் ஓடும். அவற்றின் வாய் பக்கச் சுவரில் திறக்கும். ஒரு லிட்டர் குவளையும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு குழாயும் குவளையை நிரப்ப எத்தனை விநாடி எடுக்கிறது என்று எழுதி வருவது என் வேலை. ஏழாம் எண் குழாய் எப்போதும் 40 விநாடிக்குள் நிரப்பிவிடும். ஒரு வாரம் 70 விநாடி ஆனது. அடுத்த வாரம் இரண்டரை நிமிடம். அதற்கடுத்த வாரம் குழாய் வாயில் வெறும் ஈரம்தான். கசிவு நின்றுவிட்டது என்று சந்தோஷமாக எழுதினேன். கூட வந்த மூத்த ஊழியர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், நோட்டை வாங்கிப் பார்த்தார். “தண்ணி நின்னுடுச்சுன்னு எழுதாதே தம்பி. குழாய் வழியா வரலைன்னு எழுது. அது வேற எங்கேயோ நிக்குது” என்றார்.

பக்கத்தில் இருந்த பீசோமீட்டரைப் பார்த்தோம். மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் குழாய் அது. மூன்று வாரத்தில் மட்டம் 60 செ.மீ. ஏறியிருந்தது. வடிகுழாய்க்குள் கேமரா விட்டால், கான்கிரீட்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று கல்போல இறுகி வழியை அடைத்திருந்தது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்தோம். மறுநாள் ஏழாம் எண் பழையபடி ஓடியது, பீசோமீட்டரும் மெல்ல இறங்கியது.

60 செ.மீ. ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கான்கிரீட் தண்ணீரைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு கனம். 30 செ.மீ. தடிமனுள்ள தளத்தின் எடை, 72 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம், அவ்வளவுதான். அதற்கு மேல் அடியிலிருந்து அழுத்தம் வந்தால், பாறையில் இறக்கியிருக்கும் நங்கூரக் கம்பிகள் மட்டும்தான் தளத்தைப் பிடித்து நிற்க வேண்டும்.

இது தண்ணீர் ஓடாத நாளின் கணக்கு. ஓடும்போது நிலைமை வேறு. உயரமான அணையின் சரிவில் தண்ணீர் விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறங்கலாம். அந்த வேகம் ஒரு தடையில் மோதி நின்றால் உண்டாகும் அழுத்தம், சுமார் 32 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். இரண்டு தளங்கள் சேரும் இணைப்பில், கீழ்ப்பக்கத் தளத்தின் விளிம்பு ஒரு விரற்கடை மேலே தூக்கியிருந்தால் போதும். பாய்ந்து வரும் தண்ணீர் அதில் மோதி, இடுக்கு வழியாக அடியில் புகுந்து, அந்த அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தளத்துக்குக் கீழே கொண்டுபோய்விடும். 32 மீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலும் தளம் எழும்பிவிடலாம். ஒரு தளம் பெயர்ந்து போனால் அடுத்ததன் அடிப்பக்கம் திறந்துவிடும், பிறகு மண்ணும் சிதைந்த பாறையும் கரையத் தொடங்கும்.

கலிபோர்னியாவின் ஆரோவில் அணையில் 2017 பிப்ரவரி 7 அன்று இப்படித்தான் ஆனது. அமெரிக்காவிலேயே உயரமான அணை அது, சுமார் 235 மீட்டர். முக்கிய ஸ்பில்வேயின் நடுவில் பெரிய பள்ளம் விழுந்தது. திறப்பைக் குறைத்ததால் நீர்மட்டம் ஏறி, 1968இல் கட்டி முடித்ததிலிருந்து ஒரு முறைகூடப் பயன்படாத அவசர ஸ்பில்வே வழியே தண்ணீர் வழிந்தது. அதற்குக் கீழே கான்கிரீட் கிடையாது, வெறும் மலைச்சரிவு. வடிவமைத்த அளவில் 5 சதவீதத்தைக்கூட எட்டாத ஓட்டத்திலேயே அந்தச் சரிவு வேகமாக அரித்து, அரிப்பு மேல்நோக்கி அந்த ஸ்பில்வேயின் சுவரை நெருங்கியது. சுமார் 1,88,000 பேரை அவசரமாக வெளியேற்றினார்கள். பின்னர் ஆராய்ந்த தனி நிபுணர் குழு சொன்னதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்: வடிகுழாய்கள் போகும் இடங்களில் தளம் மெலிந்திருந்தது, அந்தக் கோட்டிலேயே விரிசல்கள், அடியில் சிதைந்த பாறை. விரிசல்கள் கட்டிய கொஞ்ச காலத்திலேயே தெரிந்தவை. ஒட்டி ஒட்டிச் சமாளித்தார்கள். பல வருடம் பார்த்துப் பழகியதால் அது இயல்பாகத் தெரிந்தது.

எனக்கு இந்தத் துறையில் பெரிய பயம் அந்தப் பழக்கம்தான். குறிப்பாக உங்கள் அணை மாதிரி, வெள்ளம் வந்தால் மட்டும் வேலை செய்யும் அணைகளில். ஸ்பில்வே பத்து இருபது வருடம் வெயிலில் காய்ந்து கிடக்கும். இணைப்புகளில் நிரப்பிய பொருள் உதிரும், செடி முளைக்கும். அதற்கு உண்மையான சோதனை வருவது ஆற்றில் பெருவெள்ளம் வரும் நாளில்தான், அன்று பழுது பார்க்க நேரம் இருக்காது. இங்கிலாந்தின் டாட்புரூக் நீர்த்தேக்கத்தில் 2019 ஆகஸ்ட் 1 அன்று கனமழையில் துணை ஸ்பில்வேயின் தளம் இடிந்தபோது, கீழே இருந்த வேலி பிரிட்ஜ் ஊரிலிருந்து சுமார் 1,500 பேர் வெளியேற வேண்டியிருந்தது. ஹெலிகாப்டரில் கல் மூட்டைகளைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தை அடைத்தார்கள்.

சரி, கண்காணிப்பு எப்படி நடக்கும்? கருவிகள் நிறைய உண்டு, எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்தது மிக எளிமையானது: கசிவு நீர் எல்லாம் சேரும் கால்வாயில், வி வடிவத்தில் வெட்டிய ஒரு தகடு. அந்த வெட்டில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். 90 பாகை வெட்டில் 5 செ.மீ. நின்றால் விநாடிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 10 செ.மீ. நின்றால் நாலரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது. அதனால் அளவுகோலில் ஒரு சென்டிமீட்டரைக்கூட அலட்சியமாக எழுதக் கூடாது.

இன்னொன்று சுத்தியல். தளத்தின் மேல் நடந்துகொண்டே தட்டிப் போவோம். நன்றாக இருக்கும் இடத்தில் ‘டிங்’ என்று கணீரென்று ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் காலி டப்பாவைத் தட்டியது மாதிரி ‘டொப்’ என்று கேட்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, பிறகு ரேடார் வைத்தோ துளை போட்டோ பார்ப்பார்கள். அப்புறம் விரிசல் அகலம் அளக்கும் கருவி, தளம் நகர்கிறதா என்று பார்க்கும் சர்வே குறிகள், ஷட்டர்களை வருடா வருடம் இயக்கிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்ரா அணையில் 19ஆம் எண் ஷட்டரின் சங்கிலி அறுந்து, ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டது. மற்ற ஷட்டர்களையும் திறந்து, சேமித்த தண்ணீரை வெளியேற்ற வேண்டி வந்தது.

எந்த அளவையும் தனியாகப் பார்த்தால் அர்த்தமில்லை. அணையில் தண்ணீர் ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. போன வருடம் இதே நீர்மட்டத்தில் எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. மட்டம் மாறாமல் கசிவு கூடினாலோ குறைந்தாலோ, அன்றே ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொதுமக்கள் நிற்க அனுமதி உள்ள இடத்திலிருந்து மாதம் ஒரு முறை, அதே கோணத்தில் போட்டோ எடுங்கள். தேதியும் அன்றைய நீர்மட்டமும் குறித்துக்கொள்ளுங்கள். தெளிவாக வந்த தண்ணீர் கலங்கலாக வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே மண் அரித்து வருகிறது என்று அதற்கு அர்த்தம். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள், நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. அது மண் அணை, முதல் முறையாக நிரப்பும்போது நடந்தது. ஆனாலும் கலங்கல் தண்ணீரைக் கண்டால் உடனே அணைக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்யுங்கள். அந்த எண்ணையும், உங்கள் பகுதிக்கான வெள்ள அபாய வரைபடத்தையும் அணை அலுவலகத்தில் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.