பேஸ்மென்ற் யன்னலும் கறிவேப்பிலைக் கன்றும்

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற் அறை, கூரையோடு ஒட்டினாற்போல் ஒரேயொரு சின்ன யன்னல், அதற்குள் என்ன செடி வளரும்? கறிவேப்பிலை வைக்கலாமா? சாடியும் மண்ணும் எங்கே மலிவு? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுவோம். கறிவேப்பிலை என்றதும்தான் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

நான் வந்தது 1990 மாசியில். முதலில் செயின்ற் ஜேம்ஸ் ரவுனில் ஒரு ஃபிளாற்றில் ஏழு பேர். பிறகு ஸ்காபரோவில் நம்மவர் ஒருவரின் பேஸ்மென்ற். ஹீற்றிங் கூட்டுகிற, குறைக்கிற பெட்டி மேல்மாடியில், அவர் கையில். நமக்கு வாய்த்தது கீழே ஃபேர்னஸ் என்கிற சூடாக்கும் மெஷினின் உறுமல் மட்டும். எனக்கு இரவு வேலை. பகலில் எழும்பினால் அறை கும்மிருட்டு. கனடாவில் மாரிகாலம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று இரண்டு கிழமை பொறுத்திருந்தேன். ஒருநாள் வெளியே சுற்றி வந்து பார்த்தால், என் யன்னலுக்கு முன்னால் உள்ள தகரக் குழி நிறைய ஸ்னோ. வானத்தில் இருந்து விழுந்ததில்லை, வீட்டுக்காரர் கார்ப் பாதையில் வழித்ததை அதற்குள் கொட்டியிருக்கிறார். நம்மவர் வீட்டில் இருந்தால் உதவி என்று நினைத்து வருகிறீர்கள். உதவியும் உண்டு, இதுவும் உண்டு.

அதனால் முதல் வேலை செடி வாங்குவதில்லை. யன்னல் குழியில் இருக்கும் சருகை அள்ளுங்கள், கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள், ஸ்னோ கொட்டினால் அன்றன்றே வழியுங்கள். யன்னலை அடைத்து மட்டும் செடித்தட்டு வைக்காதீர்கள். நெருப்புப் பிடித்தால் நீங்கள் வெளியே ஏறவேண்டிய வழி அதுவாக இருக்கலாம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சரி, கறிவேப்பிலை. அந்த வருடம் ஒரு அம்மாவிடம் இருபது டொலர் கொடுத்து ஒரு கன்று வாங்கினேன். அப்போது அது எனக்கு நாலு மணித்தியாலச் சம்பளம். ஊரில் கிணற்றடிக் கறிவேப்பிலைக்கு அம்மா தினமும் ஊற்றுவதுபோல நானும் காலையும் மாலையும் ஊற்றினேன். இலை உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் சாடியைக் கவிழ்த்தால் வேர் கறுத்து, அழுகின நாற்றம். அந்த ஈர மண்ணில் பெருகின குட்டி ஈக்கள் சோற்றுக் கோப்பை வரை வந்தன.

பிழை எங்கே என்று விளங்கப் பல வருடம் பிடித்தது. நம் கண் நம்மை ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள், யாழ்ப்பாணத்து மத்தியான வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். பேஸ்மென்ற் அறையின் நடுவில் ஐம்பது, நூறு இருந்தால் பெரிது. இரண்டிலும் நாம் பேப்பர் வாசித்துவிடுவோம், ஆனால் செடிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. சாப்பாடு குறைந்தால் தண்ணீர் குடிப்பதும் குறையும். குடிக்காத தண்ணீர் சாடியில் நின்று வேரை மூச்சடைக்க வைக்கும். அதோடு மார்கழி 21ஆம் திகதி இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை, ஐந்து மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். ஆகவே இருட்டு வீட்டில் செடி சாவது பெரும்பாலும் இருட்டால் இல்லை, நம் பாசத்தால். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள், ஈரம் தட்டினால் வாளியை வைத்துவிட்டுப் போய்விடுங்கள். அடியில் ஓட்டை இல்லாத வடிவான சாடிகளை வாங்கவே வேண்டாம். அந்த ஈக்களும் மேல்மண் காய்ந்தால் தானாகக் குறையும்.

ஒரு சோதனை சொல்கிறேன். மத்தியானம் செடி வைக்கிற இடத்தில் வெள்ளைத் தாளைப் போட்டு ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்களின் நிழல் மங்கலாகவாவது தெரிந்தால் சில செடி தாங்கும். நிழலே இல்லையென்றால் லைற் இல்லாமல் ஒன்றும் நிலைக்காது, பிளாஸ்ரிக் பூ வாங்குங்கள்.

தாங்குகிற சாதி எது? ஊரில் மருள் என்போமே, அதன் இனம் இங்கே பாம்புச் செடி என்று விற்கிறது. மாரியில் மாதம் ஒருமுறை தண்ணீர் கொடுத்தால் போதும். அடுத்தது ஸீஸீ என்கிற செடி. கிழக்கு ஆபிரிக்காக்காரர், மண்ணுக்குள் கிழங்கில் தண்ணீரைச் சேமித்து வைத்திருப்பார், மறந்துபோனாலும் கோபிக்கமாட்டார். மூன்றாவது நமக்குத் தெரிந்த மணி பிளான்ற். முழுப் பச்சை இலை உள்ளதைப் பாருங்கள். வெள்ளைக் கோடு, மஞ்சள் தெளிப்பு உள்ளதற்கு வெளிச்சம் கூட வேண்டும், இருட்டில் அந்த நிறம் மங்கிப்போகும். தண்டு நீண்டு இலை சிறுத்து வந்தால் வெளிச்சத்தைத் தேடி அலைகிறது என்று அர்த்தம். மேல்மாடியில் பூனையோ தவழும் பிள்ளையோ இருந்தால் ஸீஸீயும் மணி பிளான்றும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், கடித்தால் வாய் எரியும். ஹீற்றிங் காற்று வரும் துவாரத்துக்கு நேரே எதையும் வைக்காதீர்கள், கருவாடு ஆகிவிடும்.

இதோடு இன்னொன்று. பாம்புச் செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும் என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிற அண்ணைமார் கனக்கப் பேர். அந்தக் கதைக்கு மூலம் 1989இல் நாசா மூடி அடைத்த சிறு பெட்டிக்குள் செய்த ஆய்வு. பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்குப் பார்த்த ஒரு கட்டுரை 2019இல் வந்தது. வீட்டின் சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீற்றருக்குப் பத்தில் இருந்து ஆயிரம் செடி வேண்டுமாம். அறைக்குள் நீங்கள் எங்கே படுப்பீர்கள்? பேஸ்மென்ற் ஈரநாற்றத்துக்கு யன்னலைக் கொஞ்சம் திறவுங்கள், வீட்டுக்காரரிடம் ஈரம் உறிஞ்சும் மெஷின் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், வாடகை கொடுக்கிறீர்கள்.

கறிவேப்பிலை வேண்டவே வேண்டும் என்றால் லைற் போடத்தான் வேண்டும். ஊதா நிறத்தில் எரிகிற விலை கூடினது தேவையில்லை. 15 வாற் வெள்ளை எல்ஈடி பல்பு, செடியின் தலைக்கு மேலே ஒரு அடியில், தினம் 12 மணித்தியாலம், ரைமரில். இரண்டு அடிக்கு உயர்த்தினால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பதை மறக்காதீர்கள். மாதம் ஐந்தரை யூனிற் கரண்ட்கூட ஆகாது. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மாரியில் இலை கொட்டினால் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அது நித்திரை கொள்கிறது. வைகாசி கடைசியில், விக்ரோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு வெளியே வைத்து, இரவுக் குளிர் பத்துப் பாகைக்கு வர முன்பு உள்ளே எடுங்கள். ஊரில் இருந்து மண்ணோடு கன்று கொண்டுவரலாமா என்று நினைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.

என்னிடம் இப்போது ஆளுயரக் கறிவேப்பிலை நான்கு நிற்கின்றன, தெற்குப் பக்க யன்னலில். ஆனால் எனக்குப் பெருமை அவையில்லை. அந்தக் கன்று செத்த மாதம், என்னோடு வேலை செய்த பிலிப்பினோ அக்கா ஒரு கோப்பித் தம்ளரில் மணி பிளான்ற் தண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டுத் தந்தார். அந்த இருட்டு அறையில் நாலு மாரி இருந்தது, ஆறே ஆறு இலையோடு. இன்றைக்கு வீட்டுப் படிக்கட்டு முழுவதும் ஓடுவது அதேதான்.

உங்களுக்கு ஒரு துண்டு வெட்டித் தருகிறேன். வரும்போது பெரிய பை ஒன்றும் பழைய பேப்பரும் கொண்டுவாருங்கள். பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் குளிர் பட்டாலே இலை கறுத்துவிடும், கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போகலாம்.