முதல் இன்டர்வியூ: கையில் ஒரு வாரம்தான், எதைப் படிப்பது?

கேள்வி: தருமபுரி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இந்த ஆண்டு டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தேன். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் அடுத்த வாரம் இன்டர்வியூ. இதுதான் எனக்கு முதல் இன்டர்வியூ. தமிழ் மீடியத்தில் படித்தவன், ஆங்கிலம் சரளமாக வராது. இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர் விழுந்து, அப்புறம் எழுதிப் பாஸ் செய்தேன். ஒரு வாரத்தில் எப்படித் தயாராவது?

பதில்: இந்த ஒரு வாரத்தை ஸ்போக்கன் இங்கிலீஷ் வீடியோக்களில் கரைத்துவிடாதீர்கள். ஏழு நாளில் யாருக்கும் ஆங்கிலம் சரளமாகிவிடாது. ஆனால் மூன்று வருடம் படித்ததையும் கையால் செய்ததையும் தெளிவாகச் சொல்லப் பழக ஏழு நாள் தாராளம். டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் என்று பெரிய ஆலைகள் இருக்கும் ஊர் ஓசூர். அங்கே உதிரிபாகக் கம்பெனிகளின் ஷாப் ஃப்ளோரில் (மெஷின்கள் ஓடும் இடத்தில்) தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்துதான் வேலை நடக்கிறது. டிப்ளமோ முடித்தவரைத் தேர்ந்தெடுக்க உட்காரும் புரொடக்‌ஷன் மேனேஜருக்கு வேண்டியது, டிராயிங்கைப் படித்து, ஜாப்பை, அதாவது மெஷினில் செய்யும் பாகத்தைச் சரியாக அளந்து, தப்பு தெரிந்தால் தயங்காமல் வந்து சொல்லும் ஆள்.

அதற்காக ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற முதல் கேள்விக்கு மட்டும் ஐந்தாறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் தயார் செய்யுங்கள்: பெயர், ஊர், படிப்பு, செய்த புராஜெக்ட், ஓட்டிப் பழகிய மெஷின், இந்த வேலை ஏன் வேண்டும். அப்பா என்ன செய்கிறார், பொழுதுபோக்கு என்ன என்பதெல்லாம் கேட்டால் சொல்லலாம். ஒப்பிக்கிற தொனி வராத வரைக்கும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு டெக்னிக்கல் கேள்வி வரும்போது, "சார், கேன் ஐ எக்ஸ்ப்ளெய்ன் இன் தமிழ்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். அப்படிக் கேட்டதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உங்கள் ரெஸ்யூமேதான் உங்கள் கேள்வித்தாள். அதில் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் கேள்வி வரும். கம்ப்யூட்டரில் டிராயிங் வரையும் ஆட்டோகேட் தெரியும் என்று எழுதியிருந்தால், இந்தியாவில் எந்த புரொஜெக்‌ஷன் முறையில் வரைகிறோம் என்று கேட்பார்கள். ஃபர்ஸ்ட் ஆங்கிள் (மேலிருந்து பார்த்த தோற்றத்தை முன் தோற்றத்துக்குக் கீழே வரையும் முறை) என்ற பதில் உடனே வர வேண்டும். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் மெஷின்) என்று எழுதியிருந்தால் ஜி00 கட்டளைக்கும் ஜி01 கட்டளைக்கும் என்ன வித்தியாசம் என்பார்கள். முதலாவது வெட்டாமல் வேகமாக நகர்வது, இரண்டாவது கொடுத்த ஃபீடில் (நகரும் வேகத்தில்) நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போவது. தெரியாத எதையும் ரெஸ்யூமேயில் வைக்காதீர்கள். நண்பனின் ரெஸ்யூமேயைக் காப்பியடித்து வந்தவர், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்.

அளவைக் கருவிகளைப் பற்றிய கேள்வி அநேகமாக உறுதி. மேசையில் வெர்னியர் காலிபரை வைத்தே, "இதோட லீஸ்ட் கவுன்ட் என்ன?" என்பார்கள். அதில் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவுதான் லீஸ்ட் கவுன்ட். 49 மி.மீ. நீளத்தை 50 பிரிவாக்கிய வெர்னியர் என்றால் 0.02 மி.மீ. மைக்ரோமீட்டரில் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 0.5 மி.மீ., திம்பிளில் (சுற்றும் உருளையில்) 50 கோடுகள், ஆகவே 0.01 மி.மீ. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாமல், எப்படி வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். அடுத்த கேள்வி இப்படி வரலாம்: ஷாஃப்டின் (உருண்டைத் தண்டின்) விட்டம் 25 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதிக்கும் வித்தியாசம்) கூட்டல் கழித்தல் 0.02. அளந்தால் 25.05 வருகிறது. என்ன செய்வாய்?

"ரிஜெக்ட் சார்" என்று சொல்லி நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அனுமதித்த உச்சம் 25.02, ஆகவே இது ஓவர்சைஸ். ஆனால் ஷாஃப்டில் மெட்டீரியல் மிச்சம் இருப்பதால் ரீவொர்க் செய்து, அதாவது மிச்சத்தை எடுத்து, அளவுக்குக் கொண்டுவரலாம். அதுவே 24.95 என்றால் ஸ்கிராப், கழித்துப் போட வேண்டியதுதான். துளையாக இருந்தால் கணக்கு அப்படியே தலைகீழ்: பெரிதானால் ஸ்கிராப், சிறிதானால் ரீவொர்க். இதோடு, "இந்த டாலரன்ஸுக்கு வெர்னியரை நம்ப மாட்டேன் சார், மைக்ரோமீட்டரில் இன்னொரு முறை அளந்து பார்த்து, தனியாக எடுத்து வைத்து, சூப்பர்வைசரிடம் சொல்வேன்" என்று சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

புராஜெக்ட் எது என்று நீங்கள் எழுதவில்லை. பாலிடெக்னிக்கில் பலரும் செய்யும் நியூமேட்டிக் ஷீட் கட்டர் (காற்றழுத்தத்தால் தகடு வெட்டும் கருவி) என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 50 மி.மீ., காற்றழுத்தம் 6 பார் என்றால் எவ்வளவு விசை கிடைக்கும்? பரப்பளவு சுமார் 1963 சதுர மி.மீ., 6 பார் என்பது சதுர மி.மீ.க்கு 0.6 நியூட்டன், பெருக்கினால் ஏறக்குறைய 1180 நியூட்டன், அதாவது 120 கிலோ எடை கொடுக்கும் விசை. உராய்வில் கொஞ்சம் போகும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தால் போதும், அது உங்கள் புராஜெக்ட்தான் என்று நம்பிவிடுவார்கள். ஏன் டபுள் ஆக்டிங் (இரண்டு திசையிலும் காற்றால் இயங்குவது), எந்த வால்வு, மொத்தச் செலவு எவ்வளவு, எது சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் யோசித்து வையுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் என்றால், இன்றே உட்கார்ந்து அதைப் பிரித்துப் படியுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது.

அரியரைப் பற்றிக் கேட்டால் இரண்டே வாக்கியம்: எந்தப் பாடம், ஏன் போனது, எப்போது பாஸ் செய்தீர்கள். வாத்தியாரையோ பேப்பர் திருத்தியவரையோ குறை சொல்ல வேண்டாம். பாஸ் செய்த அரியரைப் பெரிதாக எடுத்துக்கொள்வோர் குறைவு. ஆனால் அந்தப் பாடத்திலேயே ஒரு கேள்வி வரும், அதற்குத் தயாராக இருங்கள். எந்தக் கேள்விக்காவது பதில் தெரியாவிட்டால், "தெரியாது சார்" என்று நேராகச் சொல்லுங்கள். மழுப்பினால் தெரிந்த பதில்கள் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

நைட் ஷிஃப்ட் வருவீர்களா, ஓசூரில் எங்கே தங்குவீர்கள் என்பதும் நிச்சயம் கேட்கப்படும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்ற பதில் வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

சான்றிதழ்களின் ஒரிஜினலோடு இரண்டு செட் ஜெராக்ஸ், ஆதார், புகைப்படம் கொண்டு போங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. வேலைக்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யார் பணம் கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கேட்டில் பெயர் பதிந்து உள்ளே போகவே நேரமாகும், அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பிளான்ட்டைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனாலும் போவார்கள்.

கடைசியில் "எனி கொஸ்டின்ஸ்?" என்பார்கள். பலர் "நோ சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இது கம்பெனி ரோலா (கம்பெனியின் நேரடி வேலை), கான்ட்ராக்ட்டா (ஒப்பந்தக்காரர் மூலம்), அப்ரண்டிஸா (பயிற்சியாளர்)? மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாகக் கம்பெனிக்கு இல்லை. அது மோசமான தொடக்கம் என்பதல்ல, சான்றிதழும் அனுபவமும் கிடைக்கும். ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

கம்பெனி ரோல் என்றால் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 18,000 ரூபாய் என்று சொல்லி, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 12,000 என்றால் அதில் பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் போகும். இஎஸ்ஐ மொத்த 18,000-க்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு 16,425. கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் தனியாகப் பிடிப்பார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன தொகையும் ஆஃபர் லெட்டரில் இருக்கும் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.