ஜாவாக்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் படம் எடுப்பேன். வீட்டில் அப்பாவின் பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. பறவைக் கடையில் ஜாவா குருவி விற்கிறார்கள், மீன் தொட்டியில் ஜாவா மாஸ் வளர்க்கிறார்கள், நான் பிழைப்பதே ஜாவா மொழியில் நிரல் எழுதித்தான். ஜாவா என்று பெயர் கொண்ட எல்லாவற்றையும் எடுத்து ஒரு வரிசையாக வைத்தால் என்ன? நண்பர்கள் சிரிக்கிறார்கள். "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. இது வெறும் விளையாட்டா? இதற்காக இந்தோனேசியாவுக்குப் போயே ஆக வேண்டுமா? ஜவ்வாது மலையைச் சேர்த்துக்கொள்ளலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். கூடாது. ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிறதே என்று ஜவ்வாதை உள்ளே விட்டால் அப்புறம் ஜவுளிக்கடையும் வந்து நிற்கும். பெயர் அதேதானா என்ற ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். மற்ற எதிலும் கறாராக இருக்க வேண்டியதில்லை.

சம்பந்தம் என்ன என்று கேட்பவர்களிடம் ஒன்றுமில்லை என்றே சொல்லிவிடுங்கள். லாபமே அதில்தான் இருக்கிறது. நம் இஷ்டத்துக்குக் கேமராவைத் தூக்கினால் எல்லோரும் எடுப்பதைத்தான் எடுக்கிறோம்: கோபுரம், மீன்வலை, சந்தைக்கு வந்த பாட்டியின் முகச் சுருக்கம். ஒரு பெயரின் பின்னால் போகும்போது அந்தப் பெயர் நம் ரசனையைக் கேட்பதில்லை. கோழிப்பண்ணைக்கும் கூட்டிப் போகும், ஆலைக்குள்ளும் கொண்டுபோய் விடும். அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்பதில்தான் நீங்கள் யார் என்பது தெரியும்.

உங்கள் வீட்டு வண்டிக்கும் அந்தத் தீவுக்கும் எந்த உறவும் கிடையாது. 1929இல் பிராக் நகரில் ஃப்ரான்டிஷெக் யானெச்செக் என்பவர் வாண்டரர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் (Ja) வாண்டரரின் முதல் இரண்டு எழுத்தையும் (Wa) ஒட்டினார். செக் நாட்டில் அதை 'யாவா' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் தீவு Java, வண்டி Jawa. தமிழில் இரண்டும் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தோனேசியர்கள் தங்கள் தீவின் பெயரை எழுதுவதும் வண்டி டாங்க்கில் இருக்கும் அதே நான்கு எழுத்துகளில்தான்.

அந்த டாங்க் எழுத்தை மட்டும் எடுக்காதீர்கள். பெயர்ப்பலகை, சின்னம், லேபிள் எதுவும் படத்துக்குள் வரவேண்டாம். அதைப் படக்குறிப்பு பார்த்துக்கொள்ளும். மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஓடியது. உங்கள் அப்பாவுடையதும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதன் இடதுபக்கம் உட்கார்ந்து பாருங்கள். உதைத்துக் கிளப்பும் அதே லீவரை மடக்கினால் கியர். அப்பாவின் கால் பட்டுப் பட்டு அங்கே உலோகம் தேய்ந்திருக்கும், அதை எடுங்கள். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் இருப்பதும் பின்னாலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். நடுவெயிலில் வேண்டாம். குரோமில் உங்கள் முகமும் எதிர்வீட்டு ஜன்னலும்தான் தெரியும்.

குருவிக்கு வருவோம். சாம்பல் உடல், கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், ரோஜா நிற அலகு. பெயர்தான் குருவி, உண்மையில் நம் வயல்களில் திரியும் சில்லைகளின் இனம். ஜாவாவும் பாலியும் அதன் சொந்த ஊர். அழகாக இருப்பதே அதற்குக் கேடாகிவிட்டது. கூண்டுக்காகப் பிடித்துப் பிடித்து, சொந்த மண்ணில் இன்று அழியும் நிலையில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருக்கிறது. லென்ஸைக் கம்பிக்கு ஒட்டிவைத்து அபெர்ச்சரை முழுக்கத் திறந்தால் கம்பி கரைந்து பறவை மட்டும் தெரியும் என்று எல்லோரும் சொல்லித்தருவார்கள். உத்தி சரிதான். ஆனால் இந்தப் பறவைக்கு அதைச் செய்யாதீர்கள். கம்பியும் தெளிவாக விழட்டும்.

ஜவ்வரிசியை நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். சாகு என்ற மலாய்ச் சொல்லோடு முடிச்சுப் போடுபவர்களும் உண்டு. உங்களுக்கு முதல் கட்சியே போதும். முன்பு தென்கிழக்காசியாவிலிருந்து ஒரு பனைவகையின் தண்டு மாவில் செய்தது கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றபோதுதான் சேலத்தில் மரவள்ளி மாவை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். ஆக, நம் பாயசத்தில் மிதப்பது ஜாவாவிலிருந்தும் வரவில்லை, அரிசியும் இல்லை. சேலம், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைகளின் களத்தில் காய வைத்திருப்பார்கள். அங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று சொல்ல வேண்டும். கண் கூசும் வெள்ளை. கேமரா பயந்துபோய் அதைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று நாவல் மரம். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் ஜாவா பிளம். நாவலந்தீவு என்று நாம் நம் நாட்டுக்கே பெயர் வைத்த மரத்தை வெள்ளைக்காரர்கள் அடுத்த தீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொட்டியில் வளரும் பாசியான ஜாவா மாஸுக்குச் சென்னைக் கொளத்தூர் மீன் கடைகள் போதும், ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள்.

உங்களுக்குச் சோறு போடும் ஜாவாவுக்குத்தான் உடம்பே கிடையாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழு அதற்கு முதலில் வைத்த பெயர் ஓக். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறு யாருக்கோ பதிவாகியிருந்ததால் ஜாவா காபியின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1995இல் வெளியானது. அந்தக் காபியும் டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் மலபாரிலிருந்து கன்று கொண்டுபோய் ஜாவாவில் நட்டதுதான். திரையில் ஓடும் நிரலை எடுத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். பழைய பட்டன் போன் ஒன்றைத் தேடுங்கள். அதில் நாம் விளையாடியதெல்லாம் ஜாவா கேம்தானே. எண்கள் அழிந்துபோன பொத்தான்களாகப் பார்த்து எடுங்கள்.

இந்தோனேசியா கட்டாயமில்லை. காசு இருந்தால் போங்கள், காண்டாமிருகம் கிடைக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஜாவா காண்டாமிருகம் தீவின் மேற்கு நுனியில் உஜுங் குலோன் என்ற ஒரே காட்டில்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் நூறுக்குக் கீழே. 1883இல் கிரகடோவா எரிமலை எழுப்பிய பேரலையில் அங்கே இருந்த ஊர்கள் போயின, பிறகு காடு மூடிக்கொண்டது. வியட்நாமில் இருந்த கடைசி ஒன்று 2010இல் செத்துக் கிடந்தது. உஜுங் குலோனில் வனத்துறைக்கே பெரும்பாலும் தானியங்கிக் கேமராவில்தான் அகப்படுகிறது. ஜார்ஜியாவின் தெற்கு ஒசேத்தியாவிலும் ஜாவா என்று ஓர் ஊர் உண்டு. அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

அதைவிட யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்குப் போங்கள். ஜாவாவுக்குப் பழந்தமிழ்ப் பெயர் சாவகம், மணிமேகலையிலேயே வருகிறது. 1247இல் சந்திரபானு என்ற சாவக அரசன் இலங்கை மீது படையெடுத்தான்; சாவகன் என்று பெயர், ஆண்டது ஜாவாவை அல்ல, மலாய்த் தீபகற்பத்தில். அவனோடு வந்தவர்கள் தங்கிய இடங்கள்தான் சாவகச்சேரியும் சாவாங்கோட்டையும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதில் ஒரு சிக்கல். சிலப்பதிகாரத்தில் 'சாவக நோன்பிகள்' என்று வருவது ஜாவாக்காரர்களை அல்ல, இல்லறத்தில் இருந்த சமணர்களை. நானாக இருந்தால் அதையும் சேர்ப்பேன். செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூர் சமண மடம் உங்களுக்கு ஒரு நாள் பயணம்தான்.

சாவகச்சேரிக்குப் பலாப்பழக் காலத்தில் போவது நல்லது. சுற்றியுள்ள தென்மராட்சிப் பகுதியின் பலா அந்தச் சந்தையில்தான் குவியும்.