எழுத்துத் தெரியாத கேமுக்கு எத்தனை புள்ளி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விமர்சனங்களில் "எழுத்துகள் தெளிவு" என்று பாராட்டிய ஒரு ரோல்பிளே கேமை வாங்கினேன். என் நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் கையடக்கக் கருவியில் ஆயுதங்களின் விவரத்தை வாசிக்கக் கண் வலிக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டியவர் நானா, விமர்சகரா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: விமர்சகர்தான். டிவியில் விளையாடிவிட்டுக் கையடக்கக் கருவிக்குப் புள்ளி போட்டால் இப்படித்தான் ஆகும். லைட்டின் திரை 5.5 அங்குலம், சாதாரண ஸ்விட்ச் 6.2, ஓலெட் 7. மூன்றிலும் திரை 1280×720 பிக்சல்தான். ஆகவே 20 பிக்சல் உயரமான எழுத்து ஓலெட்டில் 2.4 மில்லிமீற்றர், லைட்டில் 1.9 மட்டுமே.

நீங்களே அளக்கலாம். கப்சர் பட்டனை அழுத்திப் படம் எடுத்து, கொம்பியூட்டருக்கு மாற்றி, பெரிதாக்கி, ஆங்கிலப் பெரிய எழுத்து (கெப்பிட்டல்) ஒன்றின் உயரம் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். வசனப் பெட்டியை அளக்காதீர்கள், அது எந்தக் கேமிலும் பெரிதாகத்தான் இருக்கும். பொருள் விவரம், சண்டையில் வரும் நிலைக்குறிகள், வரைபடப் பெயர்கள், இந்த மூன்றிலும்தான் கஞ்சத்தனம். 18 பிக்சலுக்குக் கீழே போனால், 100ஆம் இலக்க பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு லைட்டில் வாசிப்பது நடக்காத காரியம். செட்டிங்ஸில் சூமை இயக்கினால் ஹோம் பட்டனை இருமுறை தட்டிப் பெரிதாக்கலாம். அவசரத்துக்கு உதவும், ஆனால் அதைக் காட்டிக் கேமின் குறையை மன்னிக்க முடியாது.

கேள்வி: ஃபிரேம் (செக்கனுக்குத் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை) விழுகிறது என்று எழுதுகிறார்களே, கருவி இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: செக்கனுக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் எடுக்கும் போன் போதும். போனை அசையாமல் நிறுத்தி, கேமுக்குள் பார்வைக் கோணத்தை மெல்லச் சுழற்றியபடி திரையைப் படம் பிடியுங்கள். 30 ஃபிரேம் கேமில் ஒவ்வொரு காட்சியும் போன் வீடியோவில் 8 ஃபிரேம் நிற்கும். 12 நின்றால் அந்தக் கணத்தில் 20க்கு இறங்கிவிட்டது. எங்கே சோதிப்பது என்பதுதான் முக்கியம்: வெறும் வயலில் அல்ல, மரம், புகை, கூட்டம் உள்ள இடத்தில். 2017இல் வந்த ஸெல்டா: பிரெத் ஒஃப் த வைல்டில் மற்ற இடங்களில் நன்றாக ஓடிய கேம் கொரொக் காட்டில் திணறியது இதற்கு நல்ல உதாரணம்.

கேள்வி: 60 மணி நேரக் கேமுக்கு விமர்சனம் எழுத எவ்வளவு விளையாட வேண்டும்?
– தெஹிவளை வாசகர்

பதில்: கதையை முடிப்பதே நேர்மை. முடியாவிட்டால் எத்தனையாவது மணியில், எந்த அத்தியாயத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள். முதல் பத்து மணி நேரத்தில் எல்லாக் கேமும் நல்ல பிள்ளைதான். பையில் மூன்று வாள் இருக்கும்போது மெனு அழகு. எண்பது வாள் சேர்ந்து, வரிசைப்படுத்த வழியில்லாதபோதுதான் சாயம் வெளுக்கும்.

ஆகவே 1, 10, 25ஆம் மணிகளில் ஒரே மூன்று கணக்கை எடுங்கள். ஒருவரின் ஆயுதத்தை மாற்ற எத்தனை பட்டன்? ஒரு சேவிலிருந்து (விளையாட்டைச் சேமிக்கும் இடத்திலிருந்து) அடுத்ததற்கு எத்தனை நிமிடம்? சண்டைக்குள் நுழையவும் வெளியே வரவும் எத்தனை செக்கன்? கடைசிக் கணக்கை அற்பமாக நினைக்காதீர்கள்: 9 செக்கன் வீதம் 400 சண்டை என்றால், ஒரு மணி நேரம் வெறும் திரை மாற்றத்திலேயே போகிறது.

அட்வென்ச்சர் கேமுக்கு வேறு சோதனை. சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடுங்கள். புதிரின் துப்பு ஒலியில் மட்டுமோ, நிறத்தில் மட்டுமோ இருந்தால் பஸ்ஸில் மாட்டிக்கொள்வீர்கள். கரையோர ரயிலில் பின்னேரம் கடல் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் இருண்ட அறைப் புதிர்கள் என்ன கதியாகும் என்பதும் தெரிந்துவிடும்.

பட்டரி பற்றி எழுதினால் கருவியின் மொடலையும் எழுதுங்கள். நின்டெண்டோ கணக்குப்படி அதே ஸெல்டா 2017 ஸ்விட்ச்சில் சுமார் 3 மணி நேரம், 2019இல் மாற்றிய மொடலில் சுமார் 5.5. கேமின் பதிப்பு எண்ணும் வேண்டும்: ஐகன் மீது நின்று + அழுத்தினால் காட்டும். அடுத்த வாரம் வரும் திருத்தம் உங்கள் குறையை நீக்கிவிடலாம்.

கேள்வி: மெமரி கார்டைக் கழற்றி இன்னொரு ஸ்விட்ச்சில் போட்டேன். 40 மணி நேர சேவ் வரவில்லை. அழிந்துவிட்டதா?
– வத்தளை வாசகர்

பதில்: இல்லை. சேவ் கார்டில் இருப்பதே இல்லை, கருவியின் உள்நினைவகத்தில் இருக்கிறது. பழைய கருவி கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, செட்டிங்ஸில் டேட்டா மெனேஜ்மென்ட் வழியாக சேவை அனுப்புங்கள். அனுப்பியதும் பழையதில் இருக்காது. அதுவரை அந்தக் கருவியை மட்டும் ரீசெட் செய்யாதீர்கள்.