தசைக்குள் கொழுப்பு: ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 44 வயது. பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். உயரம் 165 செ.மீ., எடை 68 கிலோ, இடுப்பு 94 செ.மீ. சர்க்கரை நோய்க்கு ஆறு மாதமாக மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.1. தசையில் கொழுப்பு படிந்திருப்பதும் ஒரு காரணம் என்கிறார் மருத்துவர். நான் குண்டு இல்லையே? ஸ்கேனில் அதைப் பார்க்கலாமா? எண்ணெயை நிறுத்தினால் கரையுமா?

பதில்: பார்வைக்கு நீங்கள் குண்டு இல்லைதான். ஆனால் உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) உங்களுக்கு 25. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனாலே அதிக எடை; 25ஐ உடல் பருமனில் சேர்க்கிறோம். எனக்கு அதைவிட உறுத்துவது இடுப்பளவு. நம் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது.

விலை சரிந்த வாரத்தில் கூடைகள் மண்டிக்குள் அடங்காமல் பக்கத்துக் கடை வாசல்வரை போகும் அல்லவா? உபரிக் கொழுப்பும் அப்படித்தான். அதற்கு முறையான இடம் தோலுக்கு அடியில். அங்கே கொள்ளாதபோது கல்லீரல், கணையம், தசை என்று கண்ட இடத்தில் இறங்குகிறது. நம்மவர்களுக்கு அந்த முறையான இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது போலும். ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் சர்க்கரை வருவதற்கு இது ஒரு விளக்கம்.

ஆட்டுக்கறியில் சதைக்கு இடையே ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது அதை அல்ல. தசைநாருக்கு உள்ளேயே நுண்துளிகளாகத் தங்கும் கொழுப்பு வேறு. சாப்பிட்டபின் இன்சுலின் வந்து தட்டினால், குளுட்-4 என்ற புரதம் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே இழுக்க வேண்டும். கொழுப்பு தேங்கிய தசையில் உண்டாகும் டைஅசைல்கிளிசரால், செரமைடு போன்ற பொருள்கள் இன்சுலின் சொல்வதை நடுவழியில் மறித்துவிடுகின்றன என்பதே பரவலான கருத்து. இன்சுலினின் தூண்டுதலால் உடல் எடுத்துக்கொள்ளும் சர்க்கரையில் மிகப் பெரிய பங்கு தசைக்குத்தான் போகிறது. அது மறுத்தால் மிச்சம் ரத்தத்தில்தான் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் தசைநாரிலும் ஏறக்குறைய சர்க்கரை நோயாளிகளின் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. அவர்களுக்கோ இன்சுலின் அருமையாக வேலை செய்கிறது. ஓடும்போது எரிகிறது, ஓய்வில் நிரம்புகிறது, சரக்கு தேங்குவதில்லை. ஆகவே எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் விஷயமல்ல, அது புழங்குகிறதா என்பதும் விஷயம். ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். எம்.ஆர். ஸ்கேன் கருவியால் இந்தக் கொழுப்பை அளக்க முடியும், ஆனால் அது ஆய்வுக்கூடத்து வேலை. எண் எதுவாக இருந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை.

எண்ணெயைக் குறைப்பது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. உபரி எந்த உணவிலிருந்து வந்தாலும் கொழுப்பாகத்தான் சேரும். ராகிக் களிக்கும் இதில் சலுகை கிடையாது (தர்மபுரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்). இரண்டு உருண்டையை ஒன்றாக்கி, கீரையையும் பயறையும் கூட்டுங்கள். ஐந்து கிலோ குறைந்தாலே மாற்றம் தெரிய வாய்ப்பு உண்டு.

தசை சுருங்கும்போது இன்சுலினின் தயவு இல்லாமலேயே குளுட்-4 மேலே வருகிறது. நோய் வந்த பிறகும் இந்த வழி அடைபடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் உங்களுக்கு இதுதான் பெரிய வரம். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கூடைகளைச் சுற்றி வாருங்கள். வாரம் இரண்டு நாள் தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல் போன்ற பயிற்சி தேவை. உடற்பயிற்சியின் பலன் ஓரிரு நாளில் வடிந்துவிடும் என்பதால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ பாதத்தில் புண் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் சேர்த்துத் தந்திருந்தால், விடிகாலை வெறும் வயிற்றோடு லாரியில் சுமை ஏற்றும் நாளில் நடுக்கமும் வியர்வையும் வரலாம். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பயிற்சியைக் கூட்டும் முன் மருத்துவரிடம் அளவைப் பற்றிக் கேளுங்கள்.