கித்தார்ப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கார் போர்ச்சில் வைத்து ஸ்டீல் கம்பி கித்தார் ஒன்று செய்தேன். சில வாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஏர்கோன் அறைக்குக் கொண்டுபோன பிறகு மேல்பலகை பிரிட்ஜுக்கு (கம்பிகளை மேல்பலகையில் பிடித்து வைக்கும் கட்டை) பின்னால் நீளமாக வெடித்துவிட்டது. மரம் மட்டமா, பசை மட்டமா? (செந்தூல் வாசகர்)

இரண்டையும் குறை சொல்ல முடியாது. பிரேஸை (மேல்பலகையின் உள்பக்கம் ஒட்டும் தாங்குகட்டை) ஒட்டிய அன்று பலகைக்குள் இருந்த ஈரம்தான் காரணம்.

கோலாலம்பூரில் திறந்த போர்ச்சில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாக 75 முதல் 90 சதவீதம். ஏர்கோன் நன்றாக ஓடும் அறையில் 50, 60. ஸ்புரூஸ் பலகை (மேல்பலகைக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியிலை மரம்) 80 சதவீதக் காற்றில் தன் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 50 சதவீதக் காற்றில் 9 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தில் 400 மி.மீ. அகலமுள்ள மேல்பலகை குறுக்கே சுமார் 4 மி.மீ. சுருங்கும். உள்ளே குறுக்காக ஒட்டியிருக்கும் பிரேஸோ நீளவாக்கில் அசையவே அசையாது. பலகை சுருங்கப் பார்க்கிறது, பிரேஸ் விடுவதில்லை; நடுவில் எங்காவது கிழிகிறது. காய்ந்த நிலையில் ஒட்டிய கித்தார் ஈரக் காற்றுக்கு வந்தால் வயிறு கொஞ்சம் உப்பும், கம்பி உயரும். பிரிட்ஜின்மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆகவே தப்பு நேர்வதாக இருந்தால் காய்ந்த பக்கமாகவே நேரட்டும். 45 முதல் 50 சதவீதத்தில் பிரேஸ் ஒட்டுங்கள்.

முதலில் ஈரமானியைச் சோதியுங்கள். மலிவு விலை டிஜிட்டல் மானி 10 சதவீதம் வரை பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் சேறுபோல் குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் வைத்து 12 மணி நேரம் மூடிவிடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 81 காட்டினால், இனி 6 கழித்துப் படியுங்கள்.

அறை முழுவதையும் உலர்த்த வசதியில்லாதவர்களுக்குப் பிளைவுட் பெட்டி போதும். உள்ளே இழை பல்பு ஒன்று, எல்.இ.டி. பல்பு சூடாகாது, பயன்படாது. 28 டிகிரி, 80 சதவீதக் காற்றை 36 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் தானே 50 அளவுக்கு இறங்கிவிடும். பல்பு மரத்திலும் பிளைவுட்டிலும் படக் கூடாது. மேல்பலகையையும் பிரேஸ்களையும் பெட்டியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை நின்றால் ஒட்டலாம். வெளியே எடுத்துக் கால் மணி நேரத்துக்குள் பசை போட்டுக் கிளாம்பு இறுக்கி, கிளாம்போடு மறுபடி பெட்டிக்குள். 3 மி.மீ. பலகை வெளிக்காற்றை வெகு வேகமாகக் குடிக்கும். "சாப்பிட்டு வந்து ஒட்டுகிறேன்" என்று வைத்தால் உலர்த்தியது வீண்.

வெடித்த இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்து விளிம்புகள் சேருமானால் பசையை உள்ளே தேய்த்துவிட்டு மூடுங்கள். சேராவிட்டால் அதே ஸ்புரூஸில் மெல்லிய சிம்பு சீவிச் செருகுங்கள். உள்பக்கம் 15 மி.மீ. சதுரம், 2 மி.மீ. கனத்தில் சிறு ஒட்டுகளை, நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓடும்படி, 5 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள்.

கேள்வி: பக்கப்பலகையை வளைக்கும்போது இடுப்பில் முறிந்துபோகிறது. இரண்டு ஜோடி போயிற்று. (பட்டர்வர்த் வாசகர்)

எத்தனை மி.மீ. என்று நீங்கள் எழுதவில்லை. 2.5 இருந்தால் முறியத்தான் செய்யும். ரோஸ்வுட், மகோகனி என்றால் 2.0 முதல் 2.2, அலை அலையாக நார் ஓடும் மரத்துக்கு 1.8, 1.9.

அடுத்தது சூடு. மரத்தை வளைப்பது சூடுதான், தண்ணீர் அதற்குத் துணை மட்டும். பலகையை அழுத்தி வளைக்கும் சூடான உலோகக் குழாயின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது சுருண்டு துள்ளி ஓட வேண்டும். அப்படியே உட்கார்ந்து கொதித்தால் சூடு போதாது. ராத்திரி முழுக்க ஊறவைக்கிறார்கள் சிலர். பலகை குறுக்கே சுருண்டு, அலையடித்துப் போவதுதான் மிச்சம். ரோஸ்வுட்டுக்கு இரு பக்கமும் தெளிப்பானால் நனைத்தால் போதும்.

இடுப்பில் தொடங்குங்கள், அதுதான் எதிர்ப்பக்கமாக வளைவது. வெளிப்பக்கத்தில் மெல்லிய ஸ்டீல் தகடு ஒன்றைப் பலகையோடு சேர்த்துப் பிடித்தால் நார் எழும்பாது. கையால் அழுத்தம் கொடுத்துக்கொண்டே முன்னும் பின்னும் அசையுங்கள். மரம் சட்டென்று கைக்கு இளகிக்கொடுக்கும் கணம் ஒன்று வரும். அதற்கு முன் தள்ளினால் முறியும். தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைத்து, அச்சில் கிளாம்பு போட்டு மறுநாள்வரை விடுங்கள்.

இத்தனையும் செய்து முறிந்தால் பலகையின் விளிம்பைப் பாருங்கள். நார் நேராக ஓடாமல் சாய்ந்து வெளியேறினால் அந்தப் பலகை எவர் கையிலும் முறியும்.

கேள்வி: உள்ளூர் மரங்களில் கித்தார் செய்யலாமா? வெளிநாட்டு ரோஸ்வுட் வாங்க ஏதோ பத்திரம் வேண்டுமாமே? (கெப்போங் வாசகர்)

வேண்டும். 2017 ஜனவரி முதல் டல்பெர்ஜியா இனத்து ரோஸ்வுட் எல்லாமே சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது, பலகைக்கு இல்லை. விற்பவர் ஏற்றுமதி அனுமதி தராவிட்டால் வாங்காதீர்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதலே வணிகத் தடை.

கழுத்துக்கு நியாத்தோ தாராளமாகப் போதும். ஆலைகள் மகோகனிக்குப் பதிலாகப் பல காலமாகப் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் அந்தப் பெயரில் கனம் குறைந்த மரம், இரும்புபோல் கனக்கும் மரம் எல்லாம் விற்பனைக்கு வரும். தூக்கிப் பார்த்து நடுத்தரமானதை எடுங்கள், கால்வட்டமாக (வளையக் கோடுகள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி) அறுத்ததாக இருக்கட்டும். பின்பலகைக்கும் பக்கத்துக்கும் நம் சாலையோரத்தில் நிற்கும் அங்சானா அருமையான மரம். தமிழ்நாட்டில் சொல்லும் வேங்கைக்கு நெருங்கிய உறவு. காய்ந்த பிறகு அதிகம் அசையாது. மெர்பாவ், கழுத்தின்மேல் விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டுக்கு ஆகும், ஆனால் ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் கக்கி வெள்ளை ஸ்புரூஸைக் கறையாக்கும். ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்டுங்கள். மெராந்தி பல துண்டுகளில் நார் மாறி மாறிப் பின்னியிருக்கும், வளைக்கும்போது உயிரை வாங்கும்.

மேல்பலகைக்கு மட்டும் ஸ்புரூஸை விட்டு விலகாதீர்கள், முதல் கித்தாருக்காவது.

கேள்வி: மேல்பலகையை எத்தனை மி.மீ. வரை இழைக்கலாம்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். (ஆயர் ஈத்தாம் வாசகர்)

எல்லோரும் சொல்வது அவரவர் பலகைக்குச் சரி. சிட்கா ஸ்புரூஸில் 3.0 வரை இழைத்துவிட்டு, அங்கிருந்து கையை நம்புங்கள். குறுக்குவாட்டில் இரு விளிம்பையும் பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். அட்டைபோல் விறைத்து நின்றால் இன்னும் கொஞ்சம். இளகிக்கொடுக்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். பெரும்பாலும் 2.7, 2.8இல் வந்து நிற்கும். எங்கெல்மன் ஸ்புரூஸ் மென்மையானது, 3.0க்குக் கீழே போக அவசரம் வேண்டாம். 12 முதல் 53 வரையிலான (கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) லைட் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 73 கிலோ இழுக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பிரேஸ் 8 மி.மீ. அகலம், இரண்டு பிரேஸ்கள் எக்ஸ் வடிவில் கூடும் இடத்தில் 15 மி.மீ. உயரம், நுனியில் 3க்கும் குறைவு. பிரேஸ் கட்டையை ரம்பத்தால் அறுக்காமல் உளியால் பிளந்து எடுத்தால் நார் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடும். உயரத்தில் கைவைப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: உயரம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். இயந்திரச் சத்தம் இல்லாமல் முடியுமா? (ஜெலுத்தோங் வாசகர்)

முடியும். இழைப்புளி, ஸ்கிரேப்பர், மெல்லிய பல் ரம்பம், இரண்டு உளி. தடித்த மரத்தை அறுத்துக் கொடுக்க மரக்கடையில் காசு கொடுங்கள். சத்தத்தைவிடத் தூசுதான் தொல்லை. ரோஸ்வுட் தூசு பலருக்குத் தோல் அரிப்பைக் கொண்டுவரும், என்95 முகமூடி கட்டாயம்.

கேள்வி: லாக்கர் அடித்ததும் பால்போல் வெளுத்துப்போகிறது. (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மழை நாளில் அடிக்காதீர்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக உலரச் செய்யும் ரிடார்டர் கொஞ்சம் கலக்கவும். இப்போது வெளுத்திருப்பதை உலர்ந்த அறையில் ரிடார்டர் மட்டும் மெல்லிசாகத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எங்களைக் கேட்டால் இந்த ஊரில் வீட்டுப் பட்டறைக்கு அரக்கிலிருந்து எடுக்கும் ஷெல்லாக்தான் தோது. மெழுகு நீக்கிய செதில் 240 கிராம், ஸ்பிரிட் 1 லிட்டர். துணிப் பொட்டலத்தால் தேய்த்துப் பூசலாம். தவறினால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். ஒரே குறை, வியர்வைக் கை அழுந்தும் இடத்தில் இளகும்.

கேள்வி: பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்குகிறது. கித்தார் பெரும்பாலும் காரில்தான் இருக்கும். (புக்கிட் மெர்தாஜம் வாசகர்)

வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்த மஞ்சள் மரப்பசையும் இளகும், முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு விளிம்புக்குள் ஒரு காகிதத்துண்டை நுழைத்துப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் போனால் கம்பிகளைக் கழற்றி, பிரிட்ஜைச் சூடேற்றி மெல்லிய கத்தியால் முழுவதுமாக எடுங்கள். அடியில் லாக்கர் மிச்சம் இருக்கும் என்றே நினைக்கிறோம். வெறும் ஸ்புரூஸ் தெரியும்வரை சுரண்ட வேண்டும். மேல்பலகை மேலே லேசாகக் குவிந்திருக்கும், பிரிட்ஜின் அடியோ தட்டை. பலகைமேல் 120 எண் மணல்தாளை விரித்துப் பிரிட்ஜை அதன்மேல் தேய்த்து, அடியை அந்தக் குவிவுக்குப் பொருத்துங்கள். கிளாம்பின் பலத்தால் இடைவெளியை மூடினால் திரும்பவும் தூக்கும். ஒட்டியபின் கம்பி மாட்ட 24 மணி நேரம் பொறுங்கள், மழைக்காலத்தில் 48.