டாக்டர் பெயரில் பில் போடச் சம்மதிக்காதீர்கள், தங்கச்சி

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர்ஸ் முடித்து, ஆர்.டி. (பதிவு பெற்ற டயட்டீஷியன்) தேர்வும் பாஸ் செய்து, கல்யாணமாகி டாலஸ் பக்கம் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம ஊர் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கில் வாரம் மூன்று நாள் உணவு ஆலோசனை கொடுக்கக் கூப்பிடுகிறார். "பில்லிங் பத்திக் கவலைப்படாதம்மா, எல்லாம் என் பேர்லயே போட்டுக்கலாம், அதுதான் சுலபம்" என்கிறார். சரி என்று சொல்லலாமா, கூடவே கார் புதிதா பழையதா, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரையும் வீட்டையும் டாலஸ்காரர்கள் சொல்வார்கள். நான் இருப்பது ஹூஸ்டன். அந்த டாக்டர் சொன்ன வாக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2016-இல் அதே வாக்கியத்தை என்னிடம் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

முதலில் மெடிகேர், அதாவது முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ். சர்க்கரை நோய், டயாலிசிஸுக்குப் போகாத சிறுநீரக நோய், சிறுநீரக மாற்று நடந்து 36 மாதத்துக்குள் இருப்பவர்கள், இவ்வளவு பேருக்குத்தான் அது மருத்துவ உணவு ஆலோசனைக்குப் பணம் கொடுக்கிறது. 2002 ஜனவரியில் ஆரம்பித்த சலுகை இது. முதல் வருடம் மூன்று மணி நேரம், அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு மணி நேரம். நோயாளி கையிலிருந்து ஒரு டாலரும் தர வேண்டாம். இந்த ஆலோசனையை டாக்டர் செய்த வேலையின் ஒரு பகுதியாக, அவர் பெயரில் பில் செய்ய மெடிகேர் அனுமதிப்பதே இல்லை. இப்படி டாக்டர் வேலையோடு சேர்த்துப் பில் செய்வதை "இன்சிடென்ட் டூ" என்பார்கள், கிளினிக்கில் அந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். நர்ஸ் செய்யும் சில வேலைகளுக்கு அந்த வழி உண்டு, நம் ஆலோசனைக்கு இல்லை. ஆலோசனை கொடுத்தவர் நீங்கள் என்றால் பில்லில் உங்கள் என்.பி.ஐ. எண் (சிகிச்சை தருபவர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தேசிய அடையாள எண்) இருக்க வேண்டும்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று அர்த்தமில்லை. எனக்கு அன்றைக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. நீங்கள் 855-I என்ற படிவம் போட்டு மெடிகேரில் சேர்கிறீர்கள். பிறகு, எனக்கு வர வேண்டியதைக் கிளினிக் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். பில் அனுப்பும் 1500 படிவத்தில் 24ஜெ என்ற கட்டத்தில் உங்கள் எண், 33-வது கட்டத்தில் கிளினிக், 17-வது கட்டத்தில் அனுப்பி வைத்த டாக்டர். இப்படி மூன்று பேரும் அவரவர் இடத்தில் இருந்தால் யாருக்கும் பயமில்லை. டாக்டருக்கு இதில் ஒரு குறை தெரியும்: டயட்டீஷியனுக்கு மெடிகேர் கொடுப்பது டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம்தான். அந்த 15 சதவீதத்துக்காகத்தான் "என் பேர்லயே போட்டுக்கலாம்" என்ற பேச்சு வருகிறது.

பில்லில் போடும் கோடு (code) எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் சந்திப்புக்கு 97802, அது ஒரு நோயாளிக்கு ஒரு தடவைதான். அப்புறம் வருவதெல்லாம் 97803. இரண்டும் 15 நிமிடக் கணக்கு. குழுவாக உட்கார வைத்தால் 97804, அது 30 நிமிடக் கணக்கு. டாக்டர் தான் பார்த்ததற்குப் போடும் 99213 மாதிரிக் கோடு எதுவும் நமக்குக் கிடையாது. நோயாளியை நம்மிடம் அனுப்பும் ரெஃபரல் சீட்டு எம்.டி. அல்லது டி.ஓ. பட்டம் பெற்ற டாக்டரின் கையெழுத்தில் இருக்க வேண்டும். கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனர் அன்பாக எழுதிக் கொடுப்பார், மெடிகேர் அதைத் திருப்பி அனுப்பிவிடும். சர்க்கரை வரப்போகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு மெடிகேரின் இந்தச் சலுகை கிடையாது. அதைச் சந்திப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பில் வந்த பிறகு சொன்னால் அவர் அடுத்த தடவை வரவே மாட்டார்.

உடல் பருமனுக்கு மட்டும் டாக்டர் பெயரில் போடும் நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பி.எம்.ஐ. 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஜி0447 என்ற கோடு. முதன்மைச் சிகிச்சை டாக்டரின் மேற்பார்வையில், அவருக்கு உதவியாளராக நீங்கள் பேசலாம். உங்கள் டாக்டர் இதைத்தான் சொல்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தனியார் இன்சூரன்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம். டயட்டீஷியனைத் தங்கள் நெட்வொர்க்கில் (அங்கீகரித்தவர்கள் பட்டியலில்) சேர்க்காத சில திட்டங்கள் டாக்டர் பெயரில் போடச் சொல்வதுண்டு. சொன்னால், அதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கில் சேர எனக்கு நான்கு மாதம் ஆனது. அதுவரை சம்பளம் உண்டா இல்லையா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இனி என் கதை. கோவை அவினாசிலிங்கத்தில் படித்தவள் நான். 2009-இல் கணவரோடு, வேலை பார்க்க அனுமதியில்லாத எச்4 விசாவில் வந்து, கிரீன் கார்டு வரும்வரை சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் பட்டத்தை மதிப்பீடு செய்ய அனுப்பி, இல்லாத பாடங்களை இங்கே படித்து, சம்பளமே இல்லாமல் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்து, தேர்வு எழுதினேன். அதற்கப்புறம் ஒருவர் வேலை தருகிறேன் என்றபோது தெய்வமே வந்தது மாதிரி இருந்தது. அவரும் கொங்குக்காரர். பியர்லண்ட் மீனாட்சி கோவிலில் அவர் மனைவி எனக்குப் பொங்கல் வாங்கிக் கொடுத்தார். அவரிடம் போய் ஒப்பந்தம் காட்டுங்கள் என்று எப்படிக் கேட்பேன்?

எனக்குக் கொடுத்தது மருந்து சாம்பிள் வைக்கும் அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கொக்கியில் தொங்கும் பி.பி. கருவி. நான் நாற்பது நிமிடம் பேசுவேன், டாக்டர் கதவிலிருந்து தலையை நீட்டி "எல்லாம் நல்லா போகுதா" என்பார், 99213 என்று அவர் பெயரில் பில் போகும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எப்போது முடித்தேன் என்று என் குறிப்பில் நான் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி குறிப்புகளைக் கேட்டுக் கடிதம் போட்டது. டாக்டர் நோயாளியைப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை, நேரம் இல்லை, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. அவர் திருப்பிக் கொடுத்தார். என் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். "உன் நோட்ஸ் சரியில்லாததாலதான் வந்தது" என்றார். பணம் போனது போகட்டும். என் லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று வாரம் தூங்கவில்லை. ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டபோதுதான், தெரிந்தே பொய்யான பில்லுக்குத் துணைபோனால் டாக்டரோடு நானும் பதில் சொல்ல வேண்டியவள்தான் என்று தெரிந்தது.

வெள்ளைக்காரன் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நம் ஆட்கள் இங்கே வந்து முப்பது வருடம் ஆனாலும் ஒரு பழக்கத்தை விடுவதில்லை: நம்மவர் என்றால் காகிதம் வேண்டாம் என்பார்கள். வேலை தருபவருக்கு அது வசதி, புதிதாக வந்தவருக்கு அது குழி. "ஆறு மாசம் சும்மா வேலை பாரு, அனுபவம் வரும்" என்று புத்தி சொல்லும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். லைசென்ஸே இல்லாமல் வாட்ஸ்அப்பில் நூறு டாலருக்கு டயட் பிளான் விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சிறுநீரகம் பாதி வேலை செய்யும் ஒரு மனிதருக்குத் தினமும் இளநீர் குடிக்கச் சொல்லியிருந்த பிளானை என் கையில் வைத்துப் படித்திருக்கிறேன். அதில் இருக்கிற பொட்டாசியத்தை யார் கணக்குப் பார்த்தது?

இரண்டாவது கிளினிக்கில் சேரும்போது ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். என் என்.பி.ஐ. எண்ணில் பில், சம்பளம் டபிள்யூ-2 (முறையான ஊழியராக), இன்சூரன்ஸ் பணம் மறுத்தாலும் என் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. மூன்றையும் எழுத வைத்தேன். அந்த அமெரிக்க டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, "நல்லவேளை கேட்டாய்" என்றார். முதல் பணம் வந்த காகிதத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. இனிஷியலை விரித்து, அப்பா பெயரோடு. அதன் பிரதியை அப்பாவுக்கு ஊருக்கு அனுப்பினேன். தொகை நூறு டாலர்கூட இல்லை. அவர் அதைப் பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.

அந்தக் கிளினிக்கில் எனக்கு வந்த முதல் நோயாளிகளில் ஒருவர் கால்வெஸ்டன் பக்கம் இறால் படகு ஓட்டிய பெரியவர். 71 வயது, சர்க்கரையும் சிறுநீரகமும் இரண்டும். எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள் என்றால் "ஒரு கிண்ணம்" என்பார். நம்ம ஊர் மாமாக்களும் இப்படித்தான் சொல்வார்கள். சரி, கிண்ணத்தையே கொண்டுவாருங்கள் என்றேன். நீலக் கோடு போட்ட பீங்கான் கிண்ணம் கொண்டுவந்தார். வேகாத அரிசியைக் கொட்டி அளந்து காட்டினேன். விளிம்புவரை இரண்டரை கப் பிடித்தது. நீலக் கோடுவரை ஒரு கப். அவர் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார்.

9.05-க்கு ஆரம்பித்து 9.42-க்கு முடிந்தது. 37 நிமிடம். 15 நிமிடம் ஒரு யூனிட், மிச்சம் எட்டு நிமிடம் இருந்தால் அதையும் ஒரு யூனிட்டாகப் போடலாம்; இன்னும் ஒரு நிமிடம் இருந்தால் மூன்று யூனிட். பில்லிங் பெண் "மூணு போடட்டுமா" என்று கேட்டார். இரண்டு என்றேன். குறிப்பிலும் 9.42 என்றுதான் எழுதினேன்.

மூன்றாவது தடவை வந்தபோது தோட்டத்து வெண்டைக்காய் ஒரு பை கொண்டுவந்தார். கூடவே கிண்ணத்தையும். நீலக் கோடு பாதி தேய்ந்துவிட்டது, அழியாத மையில் நீங்களே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள் என்றார். போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் டாக்டர் ஒப்பந்தம் என்று ஏதாவது கொடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் 24ஜெ கட்டத்தில் யார் எண் வரும் என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.